அசையாச் சிகரம் ஓடிய மாலை

வறட்டேரிக் காட்டில் ஓர் அழுங்கு இருந்தது. எறும்புதின்னி என்றும் அதைச் சொல்வார்கள். உடம்பெல்லாம் செதில், வாயில் ஒரு பல்கூடக் கிடையாது. பெயர் சுருளன். இரவில் எழுந்து கறையான் தின்பான். பகலெல்லாம் வளைக்குள் தூங்குவான். யார் வம்புக்கும் போனதில்லை. அவனை யாரும் கவனித்ததும் இல்லை. மான்கள் அவனைக் கல் என்று நினைத்துத் தாண்டிப் போயிருக்கின்றன.

ஒருநாள் பசி தாங்காமல் பொழுது சாயும் முன்பே வெளியே வந்துவிட்டான். எதிரே ஒரு சிறுத்தை வந்தது. சுருளனுக்கு ஓடத் தெரியாது. சண்டை போடவும் தெரியாது. பயந்தால் பந்துபோலச் சுருண்டுகொள்வது ஒன்றுதான் அவன் படித்த வித்தை. சுருண்டுகொண்டான்.

சிறுத்தை உருட்டிப் பார்த்தது. புரட்டிப் பார்த்தது. பிறகு கடித்துப் பார்த்தது. தாடை சுளுக்கிக்கொண்டதுதான் மிச்சம். வாயை மூடவும் முடியாமல் திறக்கவும் முடியாமல் அது போய்ச் சேர்ந்தது.

இதையெல்லாம் ஏரிக்கரையோர நாவல் மரத்திலிருந்து ஒரு மலைமைனா பார்த்துக்கொண்டிருந்தாள். பெயர் பேச்சி. எந்தப் பிராணியின் குரலையும் ஒருமுறை கேட்டால் போதும், அப்படியே பேசிக் காட்டுவாள். ஆனால் காட்டில் அதற்கு ஒரு மதிப்பும் இல்லை. பிழைப்பு மந்தமாக இருந்த நேரம் அது. அவள் கீழே இறங்கி வந்து செதிலை அலகால் தட்டினாள்.

"தம்பி, அது போயிடுச்சு. வெளியே வா."

"நிஜமாப் போயிடுச்சாக்கா?"

"போயிடுச்சு. எதுக்கு இப்படிச் சுருண்டுகிட்ட?"

"பயம்தான்க்கா. வேற எதுக்கு?"

"இதை வேற யார்கிட்டயாவது சொன்னியா?"

"யார்கிட்ட சொல்றது? என்கிட்ட யாரும் பேசறதே இல்லையே."

"ரொம்ப நல்லது. இனிமேலும் சொல்லாதே" என்றாள் பேச்சி.

மறுநாள் காலையில் காடு முழுவதும் ஒரே செய்தி. 'சிறுத்தை வந்தது. அவர் அசையவில்லை. சிறுத்தை தோற்றுத் திரும்பியது.' பேச்சி ஒரு பொய்யும் சொல்லவில்லை என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். 'பயத்தில்' என்ற ஒரு சொல்லை மட்டும் விட்டுவிட்டாள். மீதியைக் கேட்டவர்களே நிரப்பிக்கொண்டார்கள்.

"யாரது? எங்கே இருக்கார்? பார்க்கணுமே" என்று முயல்கள் கேட்டன.

"அவ்வளவு சுலபமாப் பார்க்க முடியாது" என்றாள் பேச்சி. அன்றிலிருந்து எல்லோருக்கும் அவரைப் பார்க்க வேண்டும் என்று ஆகிவிட்டது.

ஏரிக்கரையில் ஒரு கறையான் புற்று இருந்தது. பேச்சி சுருளனை அதன் மேல் ஏற்றினாள். புங்கங்காயை நசுக்கி, அந்த எண்ணெயைச் செதிலுக்குத் தேய்த்துப் பளபளப்பாக்கினாள். பின்னங்காலில் நிற்கப் பழக்கினாள். சூரியன் சாய்கிற நேரம் பார்த்து, சூரியனுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொன்னாள். அப்போது சுருளனின் நிழல் புற்றிலிருந்து கிளம்பி, கரையைக் கடந்து, ஏரித் தண்ணீர்வரை போய் விழுந்தது. ஆனைகூட அவ்வளவு பெரிய நிழலைப் போட்டதில்லை.

"அக்கா, இது நானா?" என்று கேட்டான் சுருளன்.

"இனிமே நீதான். சனங்க இதைத்தான் பார்க்க வருவாங்க. உன்னை இல்லை. அதனால யாரையும் அந்த நாவல் மரத்துக்கு இந்தப் பக்கம் விட மாட்டேன்."

"காலுக்குக் கீழ கறையான் ஓடுதுக்கா. ஒரு வாய் மட்டும்..."

"தலைவரு கறையான் தின்னா எவன் மதிப்பான்?"

"அப்ப நான் எதைத் தின்னணும்?"

"எதையும் தின்னாதே. நீ தின்னாம இருக்கறவர்னு சொல்லி வெச்சிருக்கேன்."

குரலும் ஒரு சிக்கலாக இருந்தது. சுருளனுக்கு 'இஸ்ஸ்' என்று காற்றுப் போவது மாதிரி ஒரு குரல். பேச்சி புற்றுக்குப் பின்னாலிருந்த புதருக்குள் உட்கார்ந்துகொண்டாள். காட்டெருமையிடம் கேட்டுப் பழகிய கனத்த குரலில் அவள் பேசுவாள். சுருளன் வாயை மட்டும் அசைப்பான். முதல் மாலையிலேயே அந்த வசனம் காடெங்கும் பரவிவிட்டது.

"நான் அசையமாட்டேன். அசைஞ்சா காடு தாங்காது!"

கூட்டம் ஆர்ப்பரித்தது. 'அசையாச் சிகரம்' என்ற பட்டத்தை யார் கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. கூட்டத்துக்குள்ளிருந்து யாரோ கத்தினார்கள். அந்த யாரோவின் குரல் ஒரு கீரியின் குரல்போல இருந்தது. அன்றைக்குக் கூட்டத்தில் கீரி எதுவும் வந்திருக்கவில்லை.

சுருளன் ஏன் இதற்கெல்லாம் ஒத்துக்கொண்டான் என்று கேட்பீர்கள். பிறந்ததிலிருந்து யாரும் 'வா' என்று கூப்பிடாத ஒருவனை, ஒரு காடே கூடி நின்று 'தலைவா' என்று கூப்பிட்டால், அவன் என்ன செய்வான்? அவனுக்கு அது பிடித்திருந்தது. நடுநிசியில் திருட்டுத்தனமாகத் தின்ற நாலு கறையான் போதாமல் பசித்தது. இருந்தாலும் பிடித்திருந்தது.

பிறகு மன்றம் வந்தது. வாலப்பன் என்ற மந்தி அதற்குத் தலைவரானார். தினம் மாலையில் எல்லோரும் அத்திப்பழமும் நாவல் பழமும் கொண்டுவந்து குவித்தார்கள். அழுங்கு பழம் தின்னாது. தலைவர் வாசனையை மட்டும் ஏற்றுக்கொள்கிறார் என்று பேச்சி அறிவித்தாள். பழங்களைப் பேச்சியின் சொந்தபந்தங்கள் ஏற்றுக்கொண்டார்கள். அவர்களும் தின்ன முடியாமல் மிஞ்சியது அங்கேயே கிடந்து அழுகியது. முயல்கள் முதுகில் ஈர மண்ணைப் பூசி, காய்ந்த இலைகளைச் செதில்போல ஒட்டிக்கொண்டு திரிந்தன. தலைவரின் வால் நீளம் பற்றி இரண்டு காட்டுப்பன்றிக் கூட்டங்கள் வாக்குவாதம் செய்து, கடைசியில் மண்டையை உடைத்துக்கொண்டன. இரண்டு கூட்டமும் அந்த வாலைக் கிட்டத்தில் பார்த்ததில்லை.

குட்டிகளுக்கெல்லாம் சுருளும் பழக்கம் வந்துவிட்டது. கொஞ்சம் சத்தம் கேட்டாலும் மூக்கை வயிற்றுக்குள் செருகி உருண்டையாகப் படுத்துக்கொள்ளும். "பாருங்க, அப்படியே தலைவரு மாதிரி!" என்று பெற்றவர்கள் பூரித்துப் போவார்கள். குட்டிகளுக்குச் செதில் இல்லை என்பது யார் கண்ணிலும் படவில்லை.

அந்தக் காட்டில் வெகுகாலமாக ஓர் ஏற்பாடு இருந்தது. கோடை வந்தால் ஏரி வற்றி ஒரு குட்டையாகிவிடும். எல்லோரும் அந்த ஓரிடத்தில்தான் தண்ணீர் குடித்தாக வேண்டும். அதனால் மந்திகளில் ஒருவர் முறைவைத்து மருத மரத்து உச்சியில் உட்காருவார். சிறுத்தையின் காது நுனி தெரிந்தாலே போதும், "கக்! கக்!" என்று கத்துவார். மான்கள் சிதறி ஓடும். மந்திகள் இறங்கித் தண்ணீர் குடிக்கும்போது மான்கள் மூக்கை உயர்த்தி, காற்றில் வாடை பார்த்துக் காவல் இருக்கும். இந்த ஏற்பாட்டால் அங்கே சிறுத்தை பட்டினி கிடந்த நாட்கள்தான் அதிகம்.

அந்தக் கோடையில் வாலப்பன் மன்றத்தைக் கூட்டினார்.

"நமக்குத் தலைவரு இருக்காரு. அவரு நிக்கற இடத்துலயே மரத்து மேல ஆளைக் காவல் வெச்சா, அவரை நம்பலைனு அர்த்தம் ஆகாதா?"

"ஆகும்!" என்றார்கள் எல்லோரும்.

"மரத்து மேல இருக்கறவனுக்குத் தலைவரோட முகமும் தெரியறதில்லை. அதுவும் ஒரு குறை" என்றது அன்று காவல் முறையில் இருந்த மந்தி.

கூட்டத்தில் செம்பி என்ற புள்ளிமானும் இருந்தாள். குட்டி ஈன்று கொஞ்ச நாள்தான் ஆகியிருந்தது. போன கோடையில் அவளுடைய முதல் குட்டியைச் சிறுத்தை தூக்கிப் போயிருந்தது. அன்று காவல் மந்தி ஒரு கணம் கண்ணயர்ந்துவிட்டது. அந்த ஒரு கணத்தை அவள் மறக்கவில்லை.

"அப்ப யாரு பார்த்துக்குவா?" என்று கேட்டாள்.

"அவருதான்."

"அவருக்கு முதுகுப் பக்கமா வந்தா?"

கூட்டம் முழுவதும் திரும்பி அவளைப் பார்த்தது. "சும்மாதான் கேட்டேன்" என்று செம்பி பின்வாங்கிக்கொண்டாள். அவளுக்கும் ஒரு காரியம் ஆக வேண்டியிருந்தது. குட்டிக்குத் தலைவர் வாயால் பெயர் வைக்க வேண்டும் என்று கேட்டிருந்தாள். அப்படிப் பெயர் வைத்த குட்டிக்கு ஆபத்தே வராது என்று பேச்சியின் சொந்தபந்தங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள். குட்டியைப் பறிகொடுத்தவள் அதை நம்பினாள் என்றால் அவளைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

காவல் நின்றுபோன செய்தி சுருளனுக்கும் எட்டியது. அவன் பதறிப்போனான்.

"அக்கா, இது தப்பு. சிறுத்தை வந்தா என்னால என்ன பண்ண முடியும்?"

"அதுக்குத் தாடை சுளுக்கியிருக்கு. வராது."

"சுளுக்கு சரியாகிடுமேக்கா."

"காவல்னு ஒண்ணு இருக்கிறவரைக்கும் உனக்கு என்ன மதிப்பு, சொல்லு. மந்தி காப்பாத்துச்சா, தலைவரு காப்பாத்துனாரான்னு ஒரு கேள்வி வரும். அந்தக் கேள்வி வரவே கூடாது. நாளைக்குப் பெயர் வைக்கிற நிகழ்ச்சி இருக்கு. போய்ப் படு."

மறுநாள் செம்பி குட்டியோடு வந்தாள். நாவல் மரத்தைத் தாண்டி அவளை மட்டும் விட்டார்கள். குட்டி தலைவரைப் பார்த்ததும் உடனே சுருண்டு காட்டியது. மண்ணும் இலையும் ஒட்டிய சின்ன உருண்டை. பேச்சி புதருக்குள் தொண்டையைச் சரிசெய்யும் முன்பே சுருளன் தன் சொந்தக் குரலில் பேசிவிட்டான்.

"அம்மா, நான் பயந்துதான் சுருண்டேன். எனக்குச் செதில் இருக்கு, உங்க குட்டிக்கு இல்லை. அதை ஓடச் சொல்லுங்க. காவலை விட்டுடாதீங்க."

செம்பி திகைத்துப் போனாள். இந்தக் காற்றுக் குரலை அவள் கேட்டதே இல்லை. அதற்குள் பேச்சி பறந்து வந்து நடுவில் உட்கார்ந்தாள்.

"தலைவருக்குத் தொண்டை கட்டியிருக்கு. என்ன சொன்னாரு கேட்டீங்களா? பயந்துட்டாராம்! சிறுத்தையையே திருப்பி அனுப்பினவரு எவ்வளவு பணிவாப் பேசறாரு பாருங்க!"

நாவல் மரத்தடியில் நின்ற கூட்டத்தில் பல கண்கள் கலங்கின. பேச்சி குட்டிக்கு 'அசையாமணி' என்று பெயர் வைத்துவிட்டாள். அன்று மாலைக்குள் தலைவருக்குப் 'பணிவின் சிகரம்' என்று இரண்டாவது பட்டமும் சேர்ந்துவிட்டது. உண்மையைச் சொன்னதால் சுருளனுக்குக் கிடைத்தது அவ்வளவுதான்.

சிறுத்தைக்குத் தாடை சரியானது. பல நாள் மெல்ல முடியாமல் கிடந்த பசி அதற்கு. குட்டைப் பக்கம் வந்து ஒளிந்து நின்று கேட்டது. மருத மரத்திலிருந்து சத்தமே இல்லை. மறுநாளும் வந்து கேட்டது. அன்றும் இல்லை. சிறுத்தையால் நம்ப முடியவில்லை.

அதற்கடுத்த மாலை, புற்றுக்குப் பின்பக்கமாக, சூரியன் சாய்கிற திசையிலிருந்து அது வந்தது. கரையில் காடே கூடியிருந்தது. எல்லோரும் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். மான்களின் மூக்குக்கு அழுகிய அத்திப்பழத்தின் நாற்றம் மட்டுமே எட்டியது. அசையாமணி எல்லோருக்கும் முன்னால், அம்மாவின் காலடியில் நின்றது.

சுருளனுக்குக் கண் மங்கல். மூக்கு அப்படியில்லை. அன்று சுருண்டு கிடந்தபோது சிறுத்தையின் மூச்சு வாடையை வெகுநேரம் முகர்ந்தவன் அவன். அது மறக்குமா?

"நான் அசையமாட்டேன்" என்று கனத்த குரல் முழங்கியது. "அசைஞ்சா..."

குரல் பாதியில் நின்றது. புதரிலிருந்து பேச்சி எழுந்து பறந்து போய்விட்டாள். அவளுக்குச் சிறகு இருந்தது.

"சிறுத்தை! ஓடுங்க!" என்று கத்தினான் சுருளன். இஸ்ஸ் என்ற அந்தக் காற்றுக் குரல்.

"யாருய்யா அது, தலைவரு பேசறப்போ நடுவுல?" என்று அதட்டினார் வாலப்பன்.

சிறுத்தை புற்றைச் சுற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்து நின்றது. கூட்டம் ஒரு கணம் பின்வாங்கியது. பிறகு ஒரு பெருமிதம் பரவியது. எத்தனை நாள் காதால் கேட்டது! இன்றைக்குக் கண்ணாலேயே பார்க்கப் போகிறார்கள்.

"எல்லாரும் தலைவரு வழியில!" என்றார் வாலப்பன்.

முயல், மான், பன்றிக்குட்டி, மந்தி எல்லோரும் மூக்கை வயிற்றுக்குள் செருகிக்கொண்டு சுருண்டு படுத்தார்கள். கரை முழுவதும் உருண்டைகள். செம்பி மட்டும் சுருளவில்லை. குட்டியை முகத்தால் முட்டினாள். குட்டி இன்னும் இறுகச் சுருண்டது. அதற்குக் கற்றுக் கொடுத்ததை அது நன்றாகவே கற்றிருந்தது.

சிறுத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் பார்த்தது.

"எனக்காகவா?" என்று கேட்டது.

எது கிட்டத்தில் இருக்கிறது என்று பார்த்தது. அசையாமணிதான் இருந்தது.

சுருளனின் உடம்பு தானாகச் சுருளப் பார்த்தது. பிறந்த நாளிலிருந்து வந்த பழக்கம் அது. சுருண்டால் அவன் பிழைத்துக்கொள்வான், அவன் மட்டும். அப்போதுதான் அவனுக்கு ஒன்று புரிந்தது. இவர்கள் என் பேச்சைக் கேட்க மாட்டார்கள். ஆனால் நான் செய்வதைச் செய்வார்கள்.

அசையாச் சிகரம் புற்றிலிருந்து குதித்து ஓடியது.

அதை ஓட்டம் என்று சொல்வதுகூட மரியாதைக்குத்தான். குட்டைப் பின்னங்கால் இரண்டால் தத்தித் தத்தி, முன்னங்காலை மார்போடு சேர்த்துக்கொண்டு, வால் ஒரு பக்கமும் உடம்பு ஒரு பக்கமுமாக ஆட, 'இஸ்ஸ், இஸ்ஸ்' என்று கத்திக்கொண்டு கூட்டத்தின் நடுவே போனான். போகிற போக்கில் அசையாமணியின் முதுகில் வாலால் ஓங்கி ஒன்று வைத்தான்.

ஒரு முயல் ஒரு கண்ணைத் திறந்து பார்த்தது.

"தலைவரு ஓடறாரு."

"பேசாம படு" என்றது பக்கத்து முயல்.

"நிஜமாவே ஓடறாரு. பாரேன்!"

பக்கத்து முயல் பார்த்தது. அடுத்து எல்லோரும் பார்த்தார்கள். தலைவர் ஓடினால் அதில் ஏதாவது விஷயம் இருக்கும். உருண்டைகள் எல்லாம் அவிழ்ந்து, கரை முழுவதும் ஒரே ஓட்டம். அசையாமணி எழுந்தது. அம்மாவைப் பார்த்தது. செம்பி பாய்ந்த பக்கம் தானும் பாய்ந்தது.

சிறுத்தை குட்டியைக் குறிவைத்துத் தாவியது. ஆனால் எல்லோருக்கும் கடைசியாக, குட்டைக் காலோடு தத்திக்கொண்டிருந்த சுருளன் அதன் காலுக்குக் குறுக்கே வந்துவிட்டான். செதிலில் கால் தடுக்கிச் சிறுத்தை குப்புற விழுந்தது. எழுந்து பார்த்தபோது கரை காலியாக இருந்தது. ஒரே ஓர் உருண்டைதான் மிச்சம்.

சிறுத்தை குனிந்து முகர்ந்தது.

"நீதானா?"

"நான்தான்" என்றது உருண்டைக்குள்ளிருந்து காற்றுக் குரல்.

"உன்னைத் தின்ன முடியாது, அது எனக்குத் தெரியும். மத்தவங்க சுருண்டா தின்னலாம். இதை நீ அவங்களுக்குச் சொல்லலையா?"

"சொன்னேன். பணிவுன்னு சொல்லிட்டாங்க."

சிறுத்தை தாடையை மெல்லத் தடவிக்கொண்டு, வந்த வழியே போய்விட்டது.

மறுநாள் மன்றம் கூடியது. யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. எல்லோரும் கோபமாக இருந்தார்கள்.

"அசையமாட்டேன்னு சொன்னவரு அசைஞ்சிட்டாரு" என்றார் வாலப்பன். "அதுவும் எப்படி ஓடினாரு பார்த்தீங்களா? பார்க்கவே அசிங்கமா இருந்துச்சு."

"குரலும் அவரு குரல் இல்லை" என்றது ஒரு முயல். அதுதான் முதலில் கண்ணைத் திறந்து பார்த்து உயிர் பிழைத்த முயல்.

முதுகில் ஒட்டிய இலைகளை எல்லோரும் உதிர்த்தார்கள். பேச்சி திரும்பி வந்து யாரையும் குறை சொல்லவில்லை. குட்டையில் ஓர் ஆமை இருந்ததை அவள் முன்பே பார்த்து வைத்திருந்தாள். அன்று மாலைக்குள் 'அவர் தலையை உள்ளே இழுத்தால் வானமே இருண்டுவிடும்' என்ற செய்தி காடெங்கும் பரவிவிட்டது.

வாலப்பன் புதிய மன்றத்துக்கு இடம் பார்க்கப் போனபோது செம்பி வழியை மறித்து நின்றாள். அவளுக்கு இன்னும் ஆத்திரம் அடங்கவில்லை.

"அண்ணே, நீங்க யாருக்கு வேணும்னாலும் மன்றம் வைங்க. எனக்கு அதைப் பத்திக் கவலை இல்லை. ஆனா மருத மரத்துல ஒருத்தரு இருந்தாகணும். இல்லைன்னா நாங்களும் உங்களுக்கு வாடை பார்த்துச் சொல்ல மாட்டோம்."

வாலப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். அவளுக்குப் பின்னால் மான்கள் எல்லாம் வந்து நின்றிருந்தன. அன்றைக்கு முறை யாருடையது என்று யோசித்துப் பார்த்தார். அவருடையதுதான். போய் மரத்தில் ஏறினார்.

செம்பி குட்டியோடு நாவல் மரத்தைத் தாண்டிப் போனாள். தடுக்க அங்கே யாரும் இல்லை. சுருளன் புற்றைத் தோண்டி, நாக்கை நீட்டி, ஊரறியக் கறையான் தின்றுகொண்டிருந்தான். கிட்டத்தில் பார்க்க அவன் ரொம்பச் சின்னதாக இருந்தான்.

"தம்பி, அன்னைக்கு நீங்க சொன்னது எனக்குக் காதுல ஏறலை" என்றாள் செம்பி. "இதுக்கு வேற பெயர் ஒண்ணு வைங்க. அந்தப் பெயர் வேண்டாம்."

சுருளன் நாக்கை உள்ளே இழுத்துக்கொண்டு குட்டியைப் பார்த்தான்.

"முதல்ல ஓடிப் பழகட்டும்மா. பெயரை அப்புறம் வெச்சுக்கலாம்."

கைதட்ட யாரை வேண்டுமானாலும் தேர்ந்தெடுத்துக்கொள்ளுங்கள். ஆனால் பிறர் அலங்கரித்துக் காட்டும் உருவத்தை நம்பி உங்கள் காவல் மரத்தைவிட்டு இறங்கிவிடாதீர்கள்.